பால் விட்ட பச்சைத் தேத்தண்ணி

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறோம். இவருக்கு நெஞ்சில் ஒப்பரேசன் முடிந்து, யாழ்ப்பாணத்தில் இருந்து உடையார்கட்டுக்குத் திரும்புகிறோம். நான் கும்பிடுகிற அம்மாளாச்சி உயிரைத் திருப்பித் தந்துவிட்டா. ஆனால் இவருக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுகிறார். பேச்சும் குறைந்துபோயிற்று. எனக்கு அதுதான் பயம்.

பஸ் வரும்வரை சந்தித் தேத்தண்ணிக் கடைக்குள் இருக்கிறோம். ஆஸ்பத்திரியால் வருகிறோம் என்று கடைக்காரப் பெண்ணிடம் சொல்லி, மகள் கனடாவில் இருந்து அனுப்பிய பச்சைத் தேயிலைப் பை ஒன்றைக் கொடுக்கிறேன். சுடுதண்ணீரில் போட்டால் போதும். அவள் கொண்டுவந்து வைக்கிற கோப்பையில் பசும்பால் தாராளமாக விட்டிருக்கிறது.

"இதுக்குப் பால் விடுறேல்லை, பிள்ளை."

"வெறுந் தேத்தண்ணி செத்தவீட்டில குடுக்கிறதம்மா. ஐயா உயிரோட வீட்டை போறார். பால் விட்டுத்தான் குடுப்பன்."

இவர் ஒரு வாய் குடிக்கிறார். முகம் கோணுகிறது. கோப்பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிறேன். கொடுக்கவில்லை.

"பிள்ளை, வைக்கல் ஊறின தண்ணியில பால் கறந்த மாதிரிக் கிடக்கு."

"அப்ப வையுங்கோ ஐயா, மாட்டுக்கு ஊத்துறன்."

"கதையை விட்டிட்டுச் சீனியைக் கொண்டா," என்று சொல்லி இன்னொரு வாய் குடிக்கிறார்.

என் சமையலில் ஒரு குறையாவது சொல்லாமல் இவர் சாப்பிட்டதே இல்லை. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள், தாயே. சீனிப் போத்தலை எடுத்துவர நானே எழும்புகிறேன்.