பேக்டரி வளைவுல யாரும் உள்ளால ஓடல

அடுத்த வருஷம் இந்த வேலைக்கு வரப்போற தம்பிமாருக்கு இத எழுதுறேன். டைப்ரைட்டர் காலேஜ் ஆபீஸோடது, சாயந்திரம் திருப்பிக் குடுக்கணும். வேகமா தட்டுறேன், பிழை கிழை இருந்தா கண்டுக்காதீங்க.

1. வேலைன்னா என்ன வேலை

அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி. ரொம்பப் பெருசுமில்ல, சின்னதுமில்ல. அவங்க ஸ்போர்ட்ஸ் பிரிவுல இருந்து ஒரு கோச்ச நம்ம மலைத் தோட்டத்துப் பக்கம் அனுப்புனாங்க. ஒசரத்துல பொறந்த பயலுக நல்லா ஓடுவாங்கன்னு யாரோ அவருக்குச் சொல்லிருக்காங்க. அவருக்கு இங்கிலீஷும் தமிழும் தெரிஞ்ச அசிஸ்டண்ட் வேணும். எனக்கு இங்கிலீஷ் கொட்டும், நானும் தோட்டத் தொழிலாளி லயத்துல பொறந்தவன்தான். வேற எவன் கெடைப்பான்?

அந்தாளுக்கு ஒரு பேரு இருந்துச்சு. தோட்டத்துல எல்லாரும் ஓட்டத் தொரன்னுதான் கூப்பிட்டாங்க. மொத நாளே அவரக் கெளறிப் பாத்தேன். அங்க கால்ல போடுற சப்பாத்த பாத்துக்கவே ஒரு ஆளாம். வேர்வை தொடைக்கிற தொவாய் தொவைக்க வேறொரு ஆளாம். முட்டி வலிச்சா டாக்டர் ஓடி வருவாராம். நல்லா ஓடுனா படிப்பு சும்மா குடுப்பாங்களாம். இத அப்பிடியே லயத்து வாசல்ல நின்னு பயலுகளுக்குச் சொன்னேன். மருதைன்னு ஒருத்தன், எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிட்டு வேற வேலை கெடைக்காம பேக்டரியில வெறகு அடுக்குறவன், கையத் தூக்குனான்.

"கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயந்து நாங்க தெனம் ஓடுறோம் மாஸ்டர். அதுக்கு எத்தன வருஷப் படிப்பு தருவாங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அவன் ஓடிக் காட்டுனான். தொர ஸ்டாப் வாட்ச்ச பாத்தாரு, ஒரு குலுக்கு குலுக்குனாரு, காதுல வச்சுப் பாத்தாரு. வாட்ச் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

தொர கூட்டிட்டுப் போறதுக்கு ஒரே ஒரு எடந்தான். அது மருதைக்குன்னு அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். அவங்கப்பாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கெடைச்சிருந்துச்சு, அதனால பாஸ்போர்ட்டுக்கும் வழி இருந்துச்சு. எங்காளுங்கள்ல எத்தன பேருக்கு அது வாய்க்கும்?

2. கிரவுண்ட்

தோட்டத்துல சமதரையே கெடையாது. கெஞ்சிக் கூத்தாடுனதுல பேக்டரிக்குக் கீழ ஒரு பழைய தேயிலை மலைய எங்களுக்கு விட்டாங்க. செடியெல்லாம் புடுங்கிட்டு, மண்ண வெட்டிச் சமமா நெரவி, ஹட்டன் ஸ்டேஷன்ல எஞ்சின்காரங்க கொட்டுற கரிச் சாம்பல லாரியில கொண்டாந்து பரப்பி, உருளை போட்டு டிராக் ஆக்குனோம். தொர சந்தோஷத்துல மண்டி போட்டு தரையத் தடவிப் பாத்தாரு.

மொத வாரமே கோளாறு. பேக்டரிப் பக்கத்து வளைவுல மருதை உள் ஓரத்த விட்டு வெளிய போயி, ஒரு எடத்தச் சுத்தி, மறுபடி உள்ள வந்தான். ஒவ்வொரு ரவுண்டும் அப்பிடியே. அங்கயே டைம் போவுது. தொர கத்துனாரு. சுண்ணாம்புல கோடு போட்டாரு. கொடிக் கம்பு நட்டாரு. ஒண்ணும் ஆவல.

மருதையக் கேட்டேன். யாரோ நெரையில நிக்கிறாங்கன்னான். கொழுந்து எடுக்கும்போது ஆளாளுக்கு ஒரு நெரை, அடுத்தவங்க வரிசையில போயி நம்ம ஒரசக் கூடாது. தோட்டத்துல பொறந்தவனுக்கு இது சொல்லித் தரவே வேணாம். ஆனா அங்க செடியே இல்லியேடான்னேன்.

"செடி இல்ல. ஆள் இருக்கே மாஸ்டர். இடிச்சிட்டுப் போகச் சொல்றீங்களா?"

நான் விடல. ஹட்டன் டவுன்ல கடை வச்சிருக்கவர் மகன், கொழுந்துக் கூடையையே கிட்டத்துல பாக்காதவன், அவனக் கொண்டாந்து ஓட விட்டேன். அவனும் அதே எடத்துல வெளிய போனான். ஏன்டான்னா, நேராத்தானே ஓடுனேன்னு சத்தியம் பண்றான். சரி போங்கடான்னு நானே சப்பாத்த மாட்டிக்கிட்டு ஓடுனேன். உள் ஓரத்த ஒட்டியே ஓடுனேன், எனக்கு நல்லா நெனவிருக்கு. முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தேன். சாம்பல்ல என் தடமும் வெளியதான் போயிருக்கு. நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம், அது மேல ஒரு தடங்கூட இல்ல. மழ பேஞ்சு வழுவழுன்னு அப்பிடியே கெடக்கு.



3. சனிக்கிழம

தொர கறாராச் சொல்லிட்டாரு. சனிக்கிழம டிரையல். அந்த வளைவ உள்ளால ஓடி அவர் சொன்ன டைமுக்குள்ள வரணும். இல்லன்னா கண்டி காலேஜ் பையன் ஒருத்தன் ரெடியா இருக்கான், எடம் அவனுக்கு. திங்கக்கிழம அவருக்கு ரயில்.

சனிக்கிழம சாயந்திரம் மிஸ்ட் எறங்கிருச்சு. பக்கத்து மலையில கங்காணி விசில் ஊதி வேலைய விட்டாரு. பொம்பளைங்க கூடையோட பேசிக்கிட்டே எங்க கிரவுண்ட் ஓரமா மேல போனாங்க. மருதை ஓட்டம் தொடங்குற கோட்டுல நிக்கல. வளைவையே பாத்துக்கிட்டிருந்தான்.

"எல்லாரையும் கூப்பிட்டாங்க. இவங்கள மட்டும் எவனும் கூப்பிடல மாஸ்டர்."

எனக்குக் கோவம் வந்துச்சு. அவன் மேலயா, யார் மேலன்னு தெரியல. கங்காணி சொல்லாம நெரைய விட்டு வரக் கூடாது, எங்கம்மா மழையில நடுங்கிக்கிட்டு நின்னத நான் பாத்திருக்கேன். நாங்க செடியப் புடுங்குனோம், சாம்பலக் கொட்டுனோம், உருளைய உருட்டுனோம். வேலை முடிஞ்சிருச்சுன்னு அங்க யாரு சொன்னா?

கழுத்துல கெடந்த விசில எடுத்து நீட்டி ஊதுனேன். காலேஜ் படிச்ச வாயால, கங்காணி கணக்கா கத்துனேன்.

"வேலை விட்டாச்சும்மா. கொழுந்து நிறுக்கப் போகலாம், வாங்க."

அப்புறம் ஈரச் சாக்கு வாடை அடிச்சுச்சு, இடுப்புல கட்டுற படங்கு நனைஞ்சா வருமே அந்த வாடை. வெத்தல வாடையும். ஆனா நான் பாத்துக்கிட்டிருந்தது தொரைய. அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது, நெரை விஷயத்த நான் அவர்கிட்ட மூச்சு விடல. தொப்பியக் கழட்டுனாரு. டிராக்க விட்டு எறங்கி ஈரப் புல்லுல நின்னாரு. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி மேல ஏறி, தொப்பியப் போட்டு, வாட்ச்ச எடுத்தாரு.

மருதை எல்லா ரவுண்டும் உள்ளால ஓடுனான். தொர வாட்ச்ச என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. அவர் கேட்ட டைமுக்கு உள்ளயேதான். வளைவுல போயி பாத்தேன், அந்த வழுவழுப்பு மேல ஆணிச் சப்பாத்துத் தடம் நேரா குத்திக் கெடந்துச்சு. மருதை வாந்தி எடுத்துக்கிட்டே சிரிச்சான்.

திங்கக்கிழம ஹட்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏத்தும்போது தொரகிட்ட கேட்டேன், அன்னைக்கு எதுக்கு எறங்கி நின்னீங்கன்னு. எதுக்கு இதக் கேக்குறேங்கிற மாதிரி என்னப் பாத்தாரு. அந்தம்மா சுமையோட வந்தாங்க, வழி விட வேணாமான்னாரு.

தம்பிமாரே, நீங்க எங்க கிரவுண்ட் போட்டாலும் போடுங்க. மொதல்ல ஒரு விசில் ஊதி, வேலை விட்டாச்சுன்னு சத்தமா சொல்லுங்க. சொல்லிட்டு, கொஞ்சம் எறங்கி நில்லுங்க.