ஒன்பது சைபர்

குலசேகரம் அண்ணையின் மகன் கனடாவில் படுதோல்வி அடைந்துவிட்டானாம். யோகநாதனின் கடையில் யாரோ பேசியதைக் கேட்டுவந்து இராஜதுரை என்னிடம் சொன்னார். "ஒன்பது தரமும் முட்டையாம். இதுக்கோ இருந்த வேலையை விட்டிட்டுப் போனவர்?"

மகன் சாருஜன் பந்து எறிபவன். இங்கே பொபினியில் கிடைத்த நிரந்தர வேலையை உதறிவிட்டு, கியூபெக்கில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடப் போனான். போன அன்று தகப்பனும் மகனும் பேசியது நல்ல பேச்சில்லை. அதன்பின் இரண்டு வருடம் ஒரு செய்தியும் இல்லை.

அண்ணை எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடையில் இருபத்தாறு வருடமாக மீன் வெட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்தேன் மைதானத்தில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் ஆடும்போது ஸ்கோர் எழுதுபவரும் அவர்தான். அவர் எழுதியதை இரண்டு அணியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

போன புதன்கிழமை காலை, அவருடைய போனுக்கு மகனிடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றுமில்லை. ஸ்கோர் பலகைக்கு முன்னால் சாருஜன் நிற்கிறான். தலைக்கு மேலே வரிசையாக ஒன்பது சைபர். அண்ணை கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கடையில் நின்ற இரண்டு பேருக்கும் காட்டினார். பிறகு குரலில் பதில் அனுப்பினார். நான் கடைக்குப் போனபோது அதை எனக்கும் போட்டுக் காட்டினார்.

"சைபர் எடுக்காத ஆள் இல்லை மோனை, கவலைப்படாதை. ஆனா விளையாடினது காணும், வீட்டை வா. உன்ரை பழைய வேலையை நான் கேட்டுப் பாக்கிறன்."

மகன் பிரெஞ்சில் "சரி அப்பா" என்று மட்டும் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"நீர் பிரெஞ்சு படிச்சனீர். பேப்பரிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாரும் தம்பி," என்றார் அண்ணை.

கியூபெக் பத்திரிகையைப் போனில் தேடி எடுத்தேன். நான் பிழையாக வாசித்திருக்கக் கூடாதா என்று திரும்பவும் வாசித்தேன். பிழையில்லை. பேஸ்போலில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வரி, சுற்றுக்கு ஓர் எண்; அந்தச் சைபர்கள் எதிரணியுடையவை. ஒன்பது சுற்றும் அவன் ஒருவனே எறிந்து, ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் கழகத்தை வெல்ல வைத்திருந்தான். கடைசிப் பத்தியை அவருக்குச் சொல்லப் பயமாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்குத்தான் முதலிலை படம் அனுப்பினவனாம், அண்ணை. 'அப்பா ஸ்கோர் எழுதுறவர், ஒண்டும் சொல்லத் தேவையில்லை, பாத்தவுடனை விளங்கும்' எண்டு சொல்லியிருக்கிறான்."

அவர் போனில் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"மற்ற அணியின்ரையோ?"

"ஓம் அண்ணை. அவன்ரை ஆக்களின்ரை வரி கீழை இருந்திருக்கும். படத்திலை விழேல்லை."

"ஆரின்ரை வரியெண்டு கேக்காமல் நான் ஒருநாளும் எழுதினதில்லை," என்றார்.

ஒரு பெண் வந்து அறக்குளா மீன் கேட்டாள். அவர் திரும்பவில்லை. ஈரக் கையோடு மகனின் எண்ணை அழுத்தி, போனை மீன் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

"இப்ப அங்கை காலமைதானே. எழும்பியிருப்பான்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. நின்றது. திரும்ப அழுத்தினார். அந்தப் பெண்ணும் பையைப் பிடித்தபடி நின்றாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.