ஊருக்கொரு பேர் கொண்ட பன்

எங்கள் ஓசூரில் ஒரே பன்னை ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கேட்பார்கள். கன்னடக்காரர்களுக்கு அது பன் நிப்பட்டு. தட்டுவடையை அவர்கள் நிப்பட்டு என்பார்கள். சேலத்துக்காரர்களுக்கு பன் செட். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு வடை பன். எனக்கு ரொம்பப் பிடித்த தின்பண்டமும் அதுதான். என் தப்பால் பிறந்தது அது என்பதை மட்டும் வாங்க வருகிறவர்களிடம் நான் சொன்னதே இல்லை.

எண்பதுகளின் கடைசி. கணவர் வேலை பார்த்த கம்பெனியை லாக்அவுட் என்று இழுத்து மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறொரு கம்பெனியின் கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டேன். சேலத்தில் பிறந்த எனக்குத் தெரிந்தது தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து மூடிக் கொடுப்பது. முதல் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்ட கணவர், உடனே ரோட்டைத் தாண்டிப் போய் டீக்கடையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவரோடு வேலை பார்த்த சிலர் இந்தக் கம்பெனிக்கு மாறியிருந்தார்கள். லேத் மெஷினில் டர்னராக இருந்த மனிதருக்குத் தள்ளுவண்டி பக்கத்தில் நிற்க வெட்கம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு மட்டும் வெட்கம் கிடையாதா?

கோபத்தில் புத்தி மழுங்கிவிட்டது. ஷிப்ட் விட்டதும் எல்லாரும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள், ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது என்று பயந்து, ஒரு மணி நேரம் முன்பே எல்லா செட்டையும் சட்னி தடவி அடுக்கிவிட்டேன். சேலத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆள் வந்து நின்ற பிறகுதான் சட்னியைத் தொடுவார்கள்.

சங்கு ஊதியது. முதலில் வாங்கிய கன்னடக்காரர் ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏனம்மா, நிப்பட்டுன்னா மொறுமொறுன்னு இருக்கணும். இது என்ன, சொதசொதன்னு இருக்குது?"

பின்னால் நின்றவர்கள் நகரத் தொடங்கினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த பாய் எட்டிப் பார்த்தார். "அழுவாதம்மா. ஊறிப் போனா என்ன, பன்னுல வெச்சிக் குடு," என்று ஒரு தட்டு பன்னும் வெண்ணெயும் கத்தியும் கொண்டுவந்து வைத்தார். பன்னைப் பிளந்து, வெண்ணெய் தடவி, ஊறிய செட்டை உள்ளே வைத்து அமுக்கினேன். முகம் சுளித்தவரிடமே நீட்டினேன். தின்று முடித்தவர், இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். அதைப் பார்த்து, போனவர்கள் திரும்பினார்கள். அப்புறம் எனக்கு இரண்டு கை போதவில்லை. அதற்குள் பஸ் வேறு ஹாரன் அடித்தது.

என் கையிலிருந்த கத்தியை யாரோ வாங்கினார்கள். பார்த்தால், கணவர்.

"நீ வெண்ணெயத் தடவு, நான் அறுக்கறேன்."

வரிசையில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்தார். பழைய கம்பெனியில் பக்கத்து மெஷினில் நின்றவர். "அண்ணே, நீங்களா?"

கணவர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம கடைதாம்ப்பா. ஒன்னு போதுமா, ரெண்டு கட்டட்டுமா?"