செவலைக்கு வைத்த வெந்நீர்

சளி பிடித்த மகள் ஆவி பிடிக்க, கொதிக்கும் நீரில் மஞ்சளைப் போட்டேன். அந்த வாசனை என்னை எண்பதுகளின் அனகாபுத்தூருக்கு, எங்கள் வீட்டுக் கொல்லைக்கு இழுத்துப் போய்விட்டது.

மார்கழியில் ஆற்றங்கரைப் பனிக்குக் கோழிகள் சட்டித் தண்ணீரைத் தொடாது. பள்ளிக்குப் போகுமுன் வெதுவெதுப்பாக மஞ்சள் தண்ணீர் வைப்பது என் வேலை. செவலைக் கோழி மட்டும் என் உள்ளங்கையிலேயே குடிக்கும்.

ஒரு வருடம் பக்கத்துத் தெருவில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து கோழிகள் செத்துக்கொண்டிருந்தன.

"இதுல எதுடி நல்லா கீது? சீக்கு வர்றதுக்குள்ள உங்க அத்தை வூட்ல வுட்டுட்டு வரேன்," என்றாள் அம்மா. நான் செவலையைப் பிடித்துக் கூடையில் வைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா ருசிடி! செவலைய நல்லா வளத்துகிறே," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீக்கு வந்துட்டா யாருக்கும் ஒதவாம பூடும்டி," என்றாள். நான் அழ அழ, எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.

"வா, உக்காரு. ஈரல உனக்குன்னு தனியா எடுத்து வெச்சிகிறேன்."