மாத்திரைப் பெட்டியில் வெண்கலத்தின் முகம்

வீட்டில் வைத்த பெயர் வேறு. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் வெண்கலம்தான். இயந்திரங்கள் போடும் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கணீரென்று கேட்கும்.

தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி விற்கும் கம்பெனி அது. பெல்ட்டில் ஓடிவரும் மாத்திரைகளில் நசுங்கியதையும் ஒழுகியதையும் பொறுக்கி எறிவது அவள் வேலை; பெட்டியில் அடைப்பது வேறு கட்டடத்தில். முகமூடிக்குள் இருந்துகொண்டே அடுத்த அறைக்காரியோடு சண்டை போடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் நடந்தது, பிறகு ஊசி மருந்து. முடி கொட்டியது, நகம் கறுத்தது, தண்ணீர்கூடக் கசந்தது. லாரி ஓட்டும் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கீரையையும் கேரட்டையும் வேகவைத்து மசித்து ஊட்டினார்.

"எங்க கம்பெனி மாத்திரைய முழுங்கலாமா?" என்று ஒருநாள் டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"தக்காளி, கீரை, பழம் எல்லாம் நல்லா சாப்பிடுங்க. அந்த நிறத்துலயும் கசப்புலயும் உடம்புக்கு நல்லது செய்யற பொருள் நிறைய இருக்கு. ஆனா அதப் பிழிஞ்சு மாத்திரையாக்கினா இந்த நோய் குணமாகும்னு யாரும் நிரூபிக்கல. ஊசி மருந்தோட சேந்தா என்ன செய்யும்னும் தெரியாது. வேணாம்."

வெண்கலம் ஒரு மாத்திரையைக்கூட வாயில் போடவில்லை. நோய் அடங்கியது. தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். கேக் வெட்டி, கைதட்டி, போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த வாரம் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"நம்ம மாத்திரைக்கு உயிருள்ள சாட்சி நீங்கதான்மா. விளம்பரத்துல ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. சூப்பர்வைசர் ஆக்கிடறேன்."

"நான் ஒண்ணுகூட முழுங்கலையே சார்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

விஷயம் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"தேயாது அண்ணி. நாறிடும்."

அத்தோடு முடிந்தது என்றுதான் வெண்கலம் நினைத்தாள். சில மாதங்கள் கழித்துப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் முடியவில்லை என்று தெரிந்தது. தன் கணவரின் கண்ணைக் காட்ட வந்திருந்த ஒரு தையற்காரி, நடைவழியில் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே இது?"

பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். கேக் வெட்டிய அன்று எடுத்த படம். தலைத்துணியோடு வெண்கலம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, "மார்புக் கட்டியிலிருந்து நான் மீண்டேன்!"

"எனக்கும் அதே கட்டிதான். உங்களப் பாத்துத்தான் ஊசிய நிறுத்திட்டு இத முழுங்கறேன்."

வெண்கலம் பெட்டியைப் பிடுங்கினாள். பெட்டியை ஒரு கையிலும் தையற்காரியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"என்னக் காப்பாத்துனது இவங்க. இந்தப் பெட்டி இல்ல."

தையற்காரி அழுதாள். "ஊசி போட்டா விரல் மரத்துப்போகுது. நூல் கோக்க முடியல. நான் எப்படிப் பொழைக்கறது?"

"மொதல்ல உயிரோட இரு. அப்புறம் கோக்கலாம்," என்றாள் வெண்கலம். மரத்துப்போவதைக் குறைக்க மருந்தின் அளவை மாற்றலாம் என்றார் டாக்டரம்மா. அதை முன்பே கேட்டிருக்கலாமே என்று தையற்காரி முணுமுணுத்தாள்.

மறுநாள் கம்பெனியில் ஏஜெண்டுகள் கூட்டம். மேனேஜர் அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வேலை உடுப்போடு வெண்கலம் நடுவில் வந்து நின்றாள். தலைத்துணியை அவிழ்த்தாள்.

"இந்த மூஞ்சியக் கேக்காமலே திருடிப் போட்டிருக்காங்க. நான் பொழைச்சது கத்தியாலயும் ஊசியாலயும். தெம்பு கொடுத்தது சாப்பாடு. இந்த மாத்திரைய நான் தொட்டது பொறுக்கி எறியத்தான். இத நம்பி ஒருத்தி வைத்தியத்தையே விட்டுட்டா. நாளைக்கு அவ செத்தா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"மைக்கை நிறுத்துங்கப்பா!" என்று மேனேஜர் கத்தினார். அவளிடம் மைக்கே இல்லை.

காவலாளிகள் இருவர் வந்தார்கள். ஆனால் அவளைத் தொடத் தயங்கினார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத் தானே நடந்து வெளியேறினாள்.

அன்றே வேலை போனது. ஏஜெண்டுகள் சிலர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள், பலர் அனுப்பவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரிக்கிறோம் என்றார்கள், விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வெண்கலம் இப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறாள். "இதத் தின்னா வியாதி போயிடுமா?" என்று யாராவது கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"போகாது! தக்காளிய லேசா எண்ணெய் விட்டு வதக்கிச் சாப்பிடு, அந்தச் சிவப்புச் சத்து உடம்புல நல்லா சேரும். ஆனா டாக்டர் சொன்ன மருந்த விட்டே, நானே வந்து உதைப்பேன்!"

தையற்காரி ஊசிக்கு வரும் நாட்களில் வெண்கலம் கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு அவளுக்குத் துணையாகப் போகிறாள். இடையில் நிறுத்திய மாதங்களில் கட்டி வளர்ந்துவிட்டது. முடிவு என்னவென்று டாக்டரம்மாவுக்கே இன்னும் சொல்லத் தெரியவில்லை.

கம்பெனி பெட்டியிலிருந்து வெண்கலத்தின் படத்தை நீக்கிவிட்டது. புதுப் பெட்டியில் வேறொரு பெண் சிரிக்கிறாள். அவள் யார், எங்கே இருக்கிறாள், அவளையாவது கேட்டுப் போட்டார்களா என்று பழைய ஆட்களிடம் வெண்கலம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.