இடப்பக்கத்துச் சரணம்

சவரிமுத்து இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டான் என்று போடி பஸ் நிலையத்து டீக்கடையில் நான் முன்பே சொல்லிவிட்டேன். மாலைச் செபத்தில் லத்தீன் கீதம் பாடும்போது, ஒருநாளும் மூச்சு வாங்காத இடத்தில் மூச்சு வாங்கினான். டாக்டருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. போன் வந்ததும் அதே கடையில்தான். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்றாள் என் தங்கை மரியபுஷ்பம், அவன் மனைவி. சரி என்றேன். டீயை முழுக்கக் குடித்தேன். சர்க்கரை கூடிவிட்டது என்றுகூடக் கடைக்காரரிடம் சொன்னேன்.

நம் கோயிலில் மாலைச் செபத்துக்கு வருகிறவர்களுக்கு எங்களைத் தெரியும். ஒரு சரணம் இடப்பக்கத்துப் பெஞ்சு பாட வேண்டும், அடுத்த சரணம் வலப்பக்கம். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான், வேறு ஆள் கிடையாது. ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் என் லத்தீனில் ரோமாபுரிக்காரனே பிசகு கண்டுபிடிக்க முடியாது. நான் குரலெடுத்தால் பொட்டிபுரத்தில் மேயும் ஆடு தலைதூக்கும். அவன் மட்டும் அசர மாட்டான். "மச்சான், ஒஞ் சரணத்துல நீ என்ன வேணும்னாலும் கத்திக்க. எஞ் சரணத்துல மூக்க நுழைக்காத" என்பான்.

ஒருமுறை குரங்கணியிலிருந்து ஏலக்காய் லோடோடு ஜீப்பை நேரே கோயில் வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். வந்த வேகத்தில் நோட்டைப் புரட்டி, கண்ணில் பட்ட பாட்டை எடுத்துவிட்டான். நானும் விடாமல் பதில் சரணம் பாடினேன். முடிந்ததும் பங்குச்சாமி சிரித்தார். "யப்பா, அது காலைச் செபத்துப் பாட்டு. பொழுது சாயுது, நீங்க விடிஞ்சிருச்சுங்கிறீங்க."

"மலையில எனக்கு இன்னும் விடியலையே சாமி" என்றான் அவன்.

அடக்கத்துக்கு முந்தின மாலை சாமி என்னைக் கூப்பிட்டார். "ஒத்த ஆளு எப்படிப் பாடுவீங்க? தமிழ்லயே வச்சுக்குவமே."

"இல்ல சாமி. சாகுறதுக்கு முந்தி அவனே எங்கிட்டச் சொன்னான். எஞ் சரணத்தையும் நீயே பாடிரு மச்சான்னு."

பக்கத்தில் நின்ற மரியபுஷ்பம் அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். சாமி சம்மதித்தார். என் சரணத்தை வலப்பக்கம் நின்று பாடினேன். பிறகு நாலு எட்டு நடந்து இடப்பக்கம் போய் அவனுடையதைப் பாடினேன். கடைசிவரை அப்படியே நடந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் தினம் நடக்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நாலு எட்டுதான்.

மரியபுஷ்பம், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீ அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவன் அப்படிச் சொல்லவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் நான் பார்க்கவே போகவில்லை ஆத்தா.