பத்துச் சக்கர மொட்டை மாடி

வலது கையை முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். செடியின் இலைகள் அவர் கன்னத்தை உரசுகின்றன. உதடு மட்டும் அசைகிறது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அவர் எண்ணுவது வினாடிகளை. பதினைந்து ஆனதும் கையை உருவி, விரல் நுனியை முகர்ந்து பார்த்து, "சூடு இல்ல. போலாம்" என்று தனக்குத்தானே உத்தரவு கொடுத்துவிட்டு, மூட்டையின் அடியில் காலால் ஓர் உதை விட்டு அடுத்த மூட்டைக்கு நகர்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். அதில் இருபத்தாறு வருடம் உருளைக்கிழங்கு லோடு. மலையில் ஏற்றிச் சமவெளியில் இறக்கும் வேலை. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்து, தார்ப்பாயைத் தூக்கி ஏதாவது ஒரு மூட்டைக்குள் கையை நுழைப்பார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் எங்கோ ஒரு கிழங்கு அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒன்று, ஊர் போய்ச் சேர்வதற்குள் மூட்டையையே கூட்டுச் சேர்த்துக்கொள்ளும். அவர் ஸ்டியரிங்கை விட்டு ஆறு மாதம் ஆகிறது. அந்தச் செய்தியைக் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. செக்கிங் தவறுவதில்லை.

மாடியில் மொத்தம் பதினோரு மூட்டை. மண்ணும் எருவும் காய்ந்த சருகும் நிரப்பிய பழைய அரிசிச் சாக்குகள். ஒவ்வொன்றிலும் ஓர் உருளைக்கிழங்குச் செடி. முன்னால் இடமும் வலமுமாக இரண்டு மூட்டை. பின்னால் இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு, அந்த நாலும் பக்கத்துக்கு இரண்டாக ஒட்டிக்கொண்டு. தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகத் தனியாக ஒன்று. இந்த ஏற்பாட்டின் பொருள் புரிந்த அன்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வண்டிங்க! பத்துச் சக்கரத்தையும் மாடியில கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. அப்ப அந்தத் தொட்டிகிட்ட இருக்கிறது?"

"ஸ்டெப்னி," என்றார் டிரைவர், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற முகத்துடன்.

ஸ்டெப்னி மூட்டையை அவர் உதைப்பதில்லை, கை விட்டும் பார்ப்பதில்லை. "ஓடாத சக்கரத்துக்கு என்ன செக்கிங்?" முன் மூட்டைகளுக்குச் சற்றுப் பின்னால், வலது பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது.

மாடியிலிருந்து இறங்குவதும் ஒரு காட்சிதான். நல்ல அகலமான சிமென்ட் படிக்கட்டு. அவரோ கேபினிலிருந்து இறங்குவதுபோல முகத்தை மேல் பக்கம் வைத்து, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு காலாகத் துழாவிப் பின்பக்கமாகவே இறங்குவார். வங்கியிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். தனக்குப் பின்னால் இறங்கி வருகிறவர்களை நேருக்கு நேர் பார்த்தபடி இறங்குவதால் சில நல்ல நட்புகள் கிடைத்திருக்கின்றன.

வண்டி ஓட்டிய காலத்தில் மாதத்துக்கு நாலு நாள் வீட்டில் இருப்பார். நாலு நாளும் விருந்தாளிக்குச் செய்வதுபோல உபசாரம் நடக்கும். நிரந்தரமாக வந்து சேர்ந்த பிறகுதான், வீட்டில் எல்லா இடத்துக்கும் ஏற்கெனவே ஆள் இருப்பது தெரிந்தது. கூடத்தில் உட்கார்ந்தால் துடைப்பம் வரும். சமையலறை வாசலில் நின்றால் "கொஞ்சம் நகருங்க" வரும். ஜன்னலோரம் தையல் மெஷினுக்குச் சொந்தம். "ரோட்டுல எவனும் என்னை ஓரம் போன்னு சொன்னதில்ல. இங்க ஒரு நாளைக்கு இருபது தடவை ஹார்ன் அடிக்கிறா," என்பார். மிஞ்சியது மொட்டை மாடி ஒன்றுதான்.

கிழங்கு வந்து சேர்ந்த கதை தனி. வண்டியை ஒப்படைக்க வேண்டிய நாளன்று சீட்டுக்கு அடியில் துடைத்தபோது ஒற்றைக் கிழங்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. விரல் நீளத்துக்கு முளை விட்டு, வெளிச்சம் கசியும் கதவிடுக்கை நோக்கி வளைந்திருந்தது. உடனே முதலாளிக்குப் போன் போட்டார். "முதலாளி, லோடுல ஒரு கிழங்கு மிச்சம் இருக்கு. யார்கிட்ட சேர்க்கணும்?" முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீயே வெச்சுக்கய்யா" என்ற பிறகுதான் அது சட்டைப்பைக்குள் போனது.

லோடில் கை வைக்காத மனிதர் என்று லாரி வட்டாரத்தில் பெயர். ஒரு முறை வியாபாரி ஒருவர் பழைய கிழங்கு நாலு மூட்டையைப் புதுக் கிழங்கோடு கலந்து ஏற்றிவிட்டார். கையை விட்டுப் பார்த்தே கண்டுபிடித்து, "இறக்கினாத்தான் வண்டி நகரும்" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டிரைவர் கீழே இறங்கிவிட்டார். பின்பக்கமாகத்தான். கிழங்கைக் கையில் வாங்கினால் எடை சொல்வார். ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தப்பாது. தோலைக் கட்டைவிரலால் தேய்த்தால் எந்தப் பக்கத்து மண் என்பதையும் சொல்வார். ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஏற்றிய லோடிலிருந்து ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. மனைவி இதைப் பெருமையாகவும் சொல்வார், குறையாகவும் சொல்வார். இரண்டுக்கும் ஒரே குரல்தான். "பதினாறு டன் கிழங்கு வாசல்ல நிக்கும். நான் பையைத் தூக்கிட்டு அரைக் கிலோ வாங்கக் கடைக்குப் போவேன்."

அந்த ஒற்றைக் கிழங்கோடு வீட்டுக் கூடையில் முளை விட்டுக் கிடந்தவற்றையும் சேர்த்து முதல் பயிர் போட்டார். கிழங்கை அவருக்கு லோடாகத்தான் தெரியும், செடியாகத் தெரியாது. வெயில் பட்டால் பச்சையடிக்கும், ஈரம் பட்டால் அழுகும் என்பது அவர் படித்த பாடம். எனவே நட்ட கையோடு பதினோரு மூட்டையையும் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டார். சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. நாற்பது நாள் கழித்து அவிழ்த்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று நூல் நூலாக ஏதோ படுத்துக் கிடந்தது. "செடிக்குத் தார்ப்பாய் கட்டின மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்றார் மனைவி.

அந்தச் சமயம் பார்த்து மச்சான் மாடிக்கு வந்தார். மனைவியின் தம்பி, அடுத்த தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கடையின் காலிப் பெட்டிகளைப் போட்டுவைக்க மாடியில் தகரக் கொட்டகை கட்டிக்கொள்ளலாமா என்று அக்காவிடம் கேட்டார். செத்துக் கிடந்த செடிகளைப் பார்த்துக்கொண்டே அக்காவும் தலையாட்டிவிட்டார்.

"ஒரு டிரிப் குடு மச்சான். ஒரே ஒரு டிரிப்," என்று கேட்டார் டிரைவர்.

"சரி மாமா. அஞ்சு கிலோ. என் கடைத் தராசுல அஞ்சு கிலோ நின்னுட்டா, இந்த மாடிப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன். ஒரு கிராம் குறைஞ்சாலும் மறுநாள் தகரம் ஏறும்."

"பதினாறு டன் ஏத்தினவன்கிட்ட அஞ்சு கிலோ கேக்குறான் பாரு!" என்று பெரிதாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, அன்று பொழுது சாயும்வரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது பயிருக்குத் தார்ப்பாய் இல்லை. மூன்று மாதத்தையும் ஒரே டிரிப்பாகக் கணக்கு வைத்துக்கொண்டார். "செடி எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "இப்பத்தான் மலை ஏறுது. இந்த நேரத்துல கியரை மாத்தக் கூடாது," என்பார். இலை மஞ்சளாகத் தொடங்கியதும், "இறக்கம் வந்தாச்சு" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இறக்கத்துலதான் பயமே. ஏறும்போது இன்ஜின் இழுத்துக்கும். இறங்கும்போது பதினாறு டன் கிழங்கும் உன் முதுகுல ஏறி உக்காந்துகிட்டு, போ போன்னு தள்ளும் பாரு! பிரேக்கை மிதிச்சுகிட்டே இருந்தா புகையும். மிதிக்கலன்னா நேரா மேலோகம். ஒரு தடவை கொண்டை ஊசி வளைவுல பசுமாடு படுத்திருந்தது. நான் கத்துன கத்துல மாடு எந்திரிச்சுப் போயிடுச்சு. எனக்குத்தான் மூணு நாள் குரல் வரல."

தண்ணீர்தான் சிக்கல். கிழங்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை. டம்ளரில் எடுத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல ஓரமாகச் சொட்டுவார். அவர் மதியம் செக்கிங் முடித்துத் தூங்கப் போனதும், தம்பிக்குத் தலையாட்டிய அதே அக்கா ஒரு வாளியோடு மாடியேறுவார்.

எழுந்து வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்த டிரைவர், "பனி நல்லா இறங்குது இந்த வருஷம்," என்பார்.

"ஆமாமா. வாளி வாளியா இறங்குது," என்பார் மனைவி.

வாளி வைத்த ஈர வட்டம் தரையில் காய்வதற்குள் அவர் பார்த்ததுண்டு. பார்த்த அன்றும் பனியைத்தான் பாராட்டினார்.

தொண்ணூற்றிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தார்ப்பாயை விரித்து மூட்டைகளைக் கவிழ்க்கத் தொடங்கினார்கள். தராசோடு வந்துகொண்டிருப்பதாக மச்சான் போனில் சொல்லியிருந்தார். இடது முன் சக்கரத்தில் நாலு கிழங்கு. அதில் இரண்டு கோலிக்குண்டு அளவு. வலது முன் சக்கரத்தில் மூன்று. பின் சக்கரங்களும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மண்ணை உதிர்த்தபோது, வேர்கள் பாதியில் அறுந்து, பட்டாணி அளவில் பிஞ்சுகள் காய்ந்து கிடந்தன. முழங்கை போய் வந்த தடம் ஒவ்வொரு மூட்டையிலும் அப்படியே தெரிந்தது. டிரைவர் தன் வலது கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியாக ஸ்டெப்னி. கவிழ்த்ததும் பொதபொதவென்று கொட்டியது. கைக்கு அடங்காத கிழங்கே அதில் ஐந்து இருந்தன. அந்த ஒரு மூட்டை மட்டுமே ஒன்றரைக் கிலோ தேறும்.

"பார்த்தீங்களா?" என்றார் மனைவி. "நீங்க நலம் விசாரிக்காத மூட்டை அது ஒண்ணுதான். எவ்வளவு நிம்மதியா வளர்ந்திருக்கு!"

டிரைவர் எல்லாவற்றையும் அலுமினியப் பேசினில் அள்ளி இரண்டு கையாலும் தூக்கினார். கண்ணை மூடினார். கை சொன்னது: நாலு கிலோ அறுநூறு. இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினார். நாலு அறுநூறுதான். மாடியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். தகரக் கொட்டகை அதற்குள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. நாற்காலி இருக்கும் இடத்தில் காலி எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்தன.

"மண்ணுல இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கும்," என்று முழங்காலிட்டுத் துழாவ ஆரம்பித்தார். துழாவிக்கொண்டே, வழக்கம் விடாமல் கத்தினார்: "அதை வெயில்ல வைக்காதே! பச்சையடிச்சிடும்!"

"தெரியும் தெரியும்," என்று மனைவி பேசினைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு முகப்பின் நிழலுக்குப் போனார்.

பத்து நிமிடத் துழாவலில் கிடைத்தவை இரண்டு கோலிக்குண்டுகள். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "மாமா! லோடு வந்து சேர்ந்துடுச்சா? இறக்கிக்கலாமா?" என்று மச்சானின் குரல் தெருவுக்கே கேட்டது.

டிரைவர் நிழலுக்குப் போய், கோலிக்குண்டுகளை உள்ளே போட்டு, பேசினைத் தூக்கினார். கண்ணை மூடினார். திறந்தார். ஐந்து கிலோ நூறு.

நிழலில் வைத்தால் கிழங்கு பச்சையடிக்காதுதான். எடை போடும் என்று அவர் கேள்விப்பட்டதில்லை. மேலே கிடந்தவற்றை விலக்கினார். நடுவில் மூன்று கிழங்கு. ஒரே அளவாக, கண் ஆழமில்லாமல், குளித்துத் தலை வாரிய முகம்போலச் சுத்தமாக இருந்தன. கட்டைவிரலால் ஒன்றைத் தேய்த்தார். மலையின் மேற்குச் சரிவு. போன வாரம் மச்சான் கடைக்கு வந்திறங்கிய சரக்கு.

மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு, கொடியிலிருந்து எடுத்த காய்ந்த துண்டு ஒன்றை மும்முரமாகப் பிழிந்துகொண்டிருந்தார்.

"எத்தனை படி மாமா இது!" மச்சானின் மூச்சிரைப்பு பாதிப் படிக்கட்டில் கேட்டது. தராசு சுவரில் இடித்தது.

டிரைவர் குனிந்து ஸ்டெப்னி மண்ணில் ஒரு கை அள்ளினார். மூன்று கிழங்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணிடுக்கு விடாமல் நிதானமாக மண்ணைப் பூசித் தேய்த்து, பேசினுக்குள்ளேயே அடியில் வைத்தார்.